மயிலைக் காளையின் வாயில் தபால்

யார் வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது வாசலில் இருக்கும் தபால் பெட்டியைத்தான். வீட்டுக்காரர் "வாங்க, வாங்க" என்று கதவைத் திறந்துவிட்டு நிற்பார். நான் வெளியே நின்று அவருடைய பெட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வீடுகளில் என்னை மக்கள்தொகைக் கணக்கு எடுக்க வந்தவன் என்று நினைத்து, மோர் கொடுத்து, ஆள் எண்ணிக்கையும் சொல்லியிருக்கிறார்கள். நானும் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டேன்.

திருப்பூரைச் சுற்றி விதவிதமான பெட்டிகள் உண்டு. வீரபாண்டியில் ஒரு சாயப்பட்டறைக்காரர் வீட்டில் பெட்டியே ஒரு சின்ன வீடாக இருந்தது. ஓட்டுக் கூரை, ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு விரற்கடை திரை. ஊத்துக்குளியில் வெண்ணெய் டின்னைப் படுக்கப் போட்டு வாயை அறுத்து வைத்திருந்தார்கள். மழைக்கு நனையாது, ஆனால் எறும்பு படித்து முடித்த பிறகுதான் கடிதம் நம் கைக்கு வரும். காங்கேயம் போகும் வழியில் ஒரு வீட்டில் டவுன் பஸ் மாதிரி பெட்டி. கடிதம் பின் படிக்கட்டு வழியாக ஏறி, டிரைவர் பக்கக் கதவு வழியாக இறங்கும். நான் அதன் முன்னால் அரை மணி நேரம் நின்றதில் அந்த வீட்டு நாய்க்கே குரைத்துக் குரைத்து அலுத்துப்போனது.

இந்தக் கிறுக்கு எனக்குப் பிறவியில் வந்ததல்ல. ஒரு பழுப்புக் கவரால் வந்தது.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் பகுதிக்குப் பொறுப்பாளன். பொறுப்பாளன் என்றால் "யாரும் பதறாதீங்க" என்று கத்திக்கொண்டே அங்கும் இங்கும் ஓடுபவன். கல்யாணமாகி மூன்று வருஷம். என் மனைவி ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, வருஷக்கணக்காகக் காத்திருந்தாள். அந்தப் பதிவு அட்டையைச் சான்றிதழ்களோடு ஒரு துணிப்பையில் வைத்து, பையைச் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். நேர்முகத்துக்கு அழைப்பு வரும். அது தபாலில்தான் வரும்.

நாங்கள் இருந்தது லைன் வீடு. ஒரே வரிசையில் பத்து வீடு, நடுவில் ஒரு குழாய். தபால்காரர் பத்து வீட்டுத் தபாலையும் முதல் வீட்டு ஜன்னல் கம்பியில் செருகிவிட்டுப் போவார். அது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ஆனால் முதல் வீட்டில் நான்கு பிள்ளைகள். மழை வந்தால் பத்து வீட்டுத் தபாலும் கப்பலாகிச் சாக்கடையில் போகும். அதனால் நான் மூளையைக் கசக்கி, கம்பெனி விலாசத்தைக் கொடுக்கச் சொன்னேன். "அங்க வந்தா நேரா என்ற கைக்கு வந்துரும்" என்று மார்தட்டியதும் நான்தான்.

அது அப்படியே என் கைக்குத்தான் வந்தது.

பனியனை மடிக்கும்போது நடுவில் ஓர் அட்டை வைப்போம். அட்டை இருந்தால்தான் பனியன் விறைப்பாக நிற்கும், பாலிதீன் உறைக்குள் ஒழுங்காக இறங்கும். ஒரு நாள் கல்கத்தாவுக்குப் போகவேண்டிய சரக்கு. லாரி வாசலில் நின்று ஹாரன் அடிக்கிறது. கடைசிப் பெட்டியில் கடைசிப் பனியனுக்கு அட்டை இல்லை. நான் மேஜையைத் துழாவினேன். வாட்ச்மேன் கொண்டுவந்து வைத்திருந்த ஏதோ ஒன்று கையில் பட்டது. நீளம் சரி, அகலம் சரி, விறைப்பும் சரி. செருகினேன், மடித்தேன், ஒட்டினேன். "பாத்தீங்களா, பதறாம செஞ்சா முடியும்" என்று பெண்களிடம் பெருமை வேறு பேசினேன்.

பத்து நாள் கழித்து, மனைவியோடு பயிற்சி படித்த தோழி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். "உனக்கு இன்டர்வியூ கார்டு வரலியா? நேத்து இன்டர்வியூவுல உன்னைத் தேடுனனே" என்றாள். மனைவி வரவில்லை என்றாள். காபி குடித்துக்கொண்டிருந்த எனக்கு அந்தக் கணத்தில், யாரோ படம் போட்டுக் காட்டியதுபோல், அந்த 'அட்டை' கண்முன் வந்தது. பழுப்புக் கவர். மேலே அரசு முத்திரை. தட்டச்சில் என் மனைவியின் பெயர்.

நான் செருப்பில்லாமல் லாரி ஆபீசுக்கு ஓடினேன். பத்து நாளைக்கு முன் போன லாரியை நிறுத்தச் சொன்னேன். அவர்கள் எனக்கு உட்கார நாற்காலி கொடுத்து, மின்விசிறியைப் போட்டு, வீட்டில் எல்லோரும் நலம்தானா என்று விசாரித்தார்கள். கல்கத்தாவில் யாரோ ஒருவர் புதுப் பனியனைப் பிரித்து, என் மனைவியின் எதிர்காலத்தை எடுத்து, விசிறிக்கொண்டிருப்பார் என்று தோன்றியது. திரும்பி வந்து உண்மையைச் சொன்னேன்.

அவள் கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கத்தவில்லை. மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே இருந்தவர், இந்தத் தடவை போனது போனதுதான், இடம் காலியானால் இன்னொரு முறை கூப்பிடுவோம், அதற்கும் வரவில்லை என்றால் பதிவு மூப்பு கெட்டுப்போகும் என்று பொறுமையாகவே சொன்னார். அவள் அங்கேயே விலாசத்தை மாற்றி எழுதிக் கொடுத்தாள். வீட்டுக் கதவு எண்ணைப் போட்டாள். வெளியே வந்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"இன்னொருக்காக் கூப்புடுவாங்க. அதுக்குள்ள நம்ம ஊட்டுக்குன்னு ஒரு பெட்டி வேணுமுங்க. ஆரும் அதை வேற எதுன்னும் நெனைக்கக் கூடாது."

நான் சபதம் எடுத்தேன். இனி ஒருவனும் தபாலை அட்டை என்று நினைக்கக்கூடாது. பெட்டியைக் குப்பைத் தொட்டி என்றோ, பாத்திரம் என்றோ நினைக்கக்கூடாது. அரை மைல் தூரத்தில் வரும்போதே தபால்காரர் கண்ணில் அது பட்டுவிட வேண்டும். நாலு ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தேன். மெஷின் ஆயில் டின்னை வெட்டி, வெல்டிங் பட்டறையில் கெஞ்சி ஒட்டவைத்து, ஒரு காளைத் தலை செய்தேன். எங்கள் பக்கத்துச் சாம்பல் நிற மயிலைக் காளை. நூல் சுற்றி வரும் பிளாஸ்டிக் கோன் இரண்டைக் கொம்பாக வைத்தேன். கொம்புக்கென்றே பிறந்த கோன் மாதிரி பொருந்தின. கண்ணுக்குச் சட்டைப் பொத்தான். காலர் பின்னிய கழிவில் கழுத்துக் கயிறு, அதில் ஒரு மணி. வாயைத் திறந்து வைத்தேன். தபால் அதன் வழியாக உள்ளே போகும். பின்னந்தலையில் சின்னக் கதவு, பூட்டு. சாம்பல் பெயின்ட் அடித்து, மிச்சமிருந்த சிவப்பில், கை சும்மா இருக்காமல், நெற்றியில் ஒரு பொட்டு வைத்தேன். தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இரும்புக் கம்பம் நட்டு அதன்மேல் மாட்டினேன். கிழக்கே பார்த்து.

எல்லாம் அந்தப் பொட்டு செய்த வேலை.

முதல் வெள்ளிக்கிழமை யாரோ அதற்குச் செம்பருத்தி வைத்தார்கள். அடுத்த வாரம் அருகம்புல் வந்தது. பிரதோஷத்தன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது, ஐந்தாவது வீட்டு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலில் நந்தி காதில் குறை சொல்வது வழக்கம்தான். ஆனால் இது மெஷின் ஆயில் டின். காதை நான் செய்தபோது ஓட்டை போடவே இல்லை. அதைச் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சொல்லவில்லை.

பிறகு காதில் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் எழுதிப்போட ஆரம்பித்தார்கள். பூட்டைத் திறந்தால் உள்ளே ஏகப்பட்ட சீட்டுகள். மகனுக்குக் கட்டிங் மாஸ்டர் வேலை வேண்டும். குழாயில் தினமும் தண்ணீர் வரவேண்டும். ஒரு சீட்டில், ஏழாவது வீட்டுக்காரர் குளிக்கும்போது பாடுவதை நிறுத்தவேண்டும் என்று இருந்தது. ஏழாவது வீட்டுக்காரன் நான். அந்தக் கையெழுத்தை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

எல்லாம் வந்தது, தபால் மட்டும் வரவில்லை. தபால்காரர் எங்கள் லைனுக்குள் வருவார், சைக்கிளை நிறுத்துவார், செருப்பைக் கழற்றுவார், காளைக்கு ஒரு கும்பிடு போடுவார், தபாலை முதல் வீட்டு ஜன்னலில் செருகிவிட்டுப் போவார். ஒரு நாள் மறித்துக் கேட்டேன். வயதானவர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சாமி வாய்க்குள்ள கைய உட்டுக் கடுதாசி போடறதுங்களா? எனக்கும் புள்ள குட்டி இருக்குதுங்க."

எந்த நாளும் அழைப்பு வரலாம். வந்தால் நேராகக் கப்பல் கட்டும் துறைக்குத்தான் போகும். பெட்டியைக் கழற்றலாம் என்றால் அதற்கும் பயம். பூ வைத்துக் கும்பிட்ட ஒன்றை நான் பிடுங்கினால் ஐந்தாவது வீட்டு அம்மா என்னைப் பிடுங்கிவிடுவார். நெற்றியில் 'தபால்' என்று எழுதிப் பார்த்தேன். அடுத்த நாள் எழுத்தின்மேல் மஞ்சள் பூசியிருந்தது.

பக்கத்து வீட்டில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த, பனியனுக்கு ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் குடியிருந்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், மற்ற நாட்களில் தவறாமல் என்னைக் கிண்டல் செய்கிறவர். ஒரு நாள் காலையில், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, நானே அந்த டின் காதில் குனிந்து, 'எப்படியாவது கார்டு வந்து சேரணும்' என்று சொல்லிவிட்டேன். பயம் என்றால் அப்படிப்பட்ட பயம். நிமிர்ந்தால் அவர் பல் விளக்கிக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணாச்சி, அதச் செஞ்சது நீங்கதான? அப்பொ உங்க காதுலயே நீங்க சொல்லிக்கிடலாம்லா?"

அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டதில் இரண்டு வாரம் எங்கள் கம்பெனித் தெருவில் என்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

வழி கண்டுபிடித்தது என் மனைவி. அஞ்சலகத்தில் ஒரு கட்டு தபால் கார்டு வாங்கி வந்தாள். தன் பெயருக்கு, தன் விலாசத்துக்கு, தினம் ஒரு கார்டு எழுதிப் போட்டாள். விலாசத்தின் கீழே 'காளை வாயில் போடவும்' என்று கோடிட்டு எழுதினாள். தபால்காரர் வரும் நேரத்துக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடியில் போய் நிற்பாள். முதல் நாள் அவர் கார்டை அவள் கையில் நீட்டியிருக்கிறார். வாங்கவில்லை. எதில் போடச் சொல்லி எழுதியிருக்கிறதோ அதில் போடுங்கள் என்றாளாம். அவர் ஜன்னலைப் பார்த்தாராம். இவள் ஜன்னலுக்குக் குறுக்கே போய் நின்றாளாம். கடைசியில் அவர் செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, காளை கடித்துவிடும் என்பதுபோல் இரண்டு விரலால் கார்டை உள்ளே தள்ளிவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தாராம்.

மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும். காய்ச்சல் வந்த அன்றும் போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றாள். வேண்டாம் என்று நான் சொன்னதற்கு, "இது பாடம் நடத்தற மாதிரிங்க. நடுவுல ஒரு நாள் உட்டா முதல்ல இருந்து வரோணும்" என்றாள். கார்டில் தினம் என்ன எழுதுவது? முதலில் 'நலம், நலமறிய ஆவல்' என்று தனக்குத்தானே எழுதினாள். பிறகு வீட்டு விஷயங்கள். கார்டைத் தபால்காரர் படிக்காமல் இருப்பாரா? மூன்றாவது வாரம் அவர் என்னை வழியில் பார்த்து, "மொளகாய்த்தூள் அரைச்சுப் போட்டீங்களா? அம்மிணி நாலு நாளா எழுதுது" என்று கேட்டார். மெஷினில் கொடுத்து அரைத்து வந்துவிட்டுத்தான் அன்று வீட்டுக்குள் நுழைந்தேன்.

ஒரு மாதத்தில் செருப்புக் கழற்றுவது நின்றது. இன்னும் கொஞ்ச நாளில் சைக்கிளை விட்டு இறங்குவதும் நின்றது. ஒரு காலை ஊன்றி, வலது கையால் காளை வாயில் கார்டை வீசிவிட்டு, இடது கையால் மணி அடித்துக்கொண்டு போய்விடுவார். அதைப் பார்த்துப் பார்த்துக் கும்பிடுகிறவர்களும் குறைந்தார்கள். தினம் பகலில் கார்டு விழும் வாயில் யார் அருகம்புல் வைப்பார்கள்? டெய்லர் தன் வீட்டுக்கு ஒரு தோணி செய்து மாட்டினார். பாய்மரத்தைத் தூக்கினால் தபால் உள்ளே போகும். மூன்றாவது வீட்டு அயர்ன்காரர் தேய்ப்புப் பெட்டி மாதிரி ஒன்று வைத்தார். அரை வருஷத்தில் பத்து வீட்டுக்கும் பத்துப் பெட்டி. தபால்காரர் முணுமுணுப்பார்; ஆனால் பக்கத்துத் தெருவுக்காரர்களிடம் எங்கள் லைனைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார் என்று கேள்வி. முதல் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் வேலையில்லாமல் திண்டாடினார்கள்.

நிம்மதியாக இருந்தோம். அதுதான் தப்பு. மனைவி கார்டு எழுதுவதை நிறுத்தி, குழாயடியில் நிற்பதையும் நிறுத்தினாள். பெட்டிக்கு ஒரே சாவி. 'என் தப்பு, என் பொறுப்பு' என்று அதை என் அரைஞாண் கயிற்றில் கட்டியிருந்தேன். தினம் வேலை முடிந்து வந்ததும் திறந்து பார்ப்பேன். தை பிறப்பதற்கு முந்தின நாள் கம்பெனியில் சரக்கு ஏற்றி முடித்து, விடுமுறைக்குக் கதவைச் சாத்தும் அவசரம். அன்று திறக்கவில்லை. மறுநாள் பொங்கல், விடுமுறையில் தபால் ஏது என்று திறக்கவில்லை. அதற்கு மறுநாள் மாட்டுப் பொங்கல்.

லைன் வீட்டில் யாருக்கும் மாடு இல்லை. கிராமத்திலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் கை அரித்திருக்கிறது. நான் தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே வந்தால், என் காளைக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி, கொம்புக்குக் காவி அடித்து, கழுத்தில் கரும்புத் துண்டு மாலை போட்டு, ஐந்தாவது வீட்டு அம்மா ஒரு வாழையிலையிலிருந்து சர்க்கரைப் பொங்கலை உருண்டை உருண்டையாக அதன் வாயில் ஊட்டிக்கொண்டிருக்கிறார். பத்து வீடும் சுற்றி நின்று "பொங்கலோ பொங்கல்" என்கிறது. காளையின் தாடை வழியாக நெய் ஒழுகியது.

'விடுமுறைதானே, உள்ளே ஒன்றும் இருக்காது' என்று சிரித்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் முந்தாநாள் திறக்காதது நினைவுக்கு வந்தது. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றுவிட்டது, எடுக்கத் தெரியவில்லை. கூட்டத்துக்குள் புகுந்தேன். சாவியை எடுக்கக் கயிற்றை இழுத்ததில் வேட்டி அவிழ்ந்தது. ஒரு கையால் வேட்டியும் ஒரு கையால் பூட்டும். "மாட்டுக்குப் பின்னாடி அவரு என்ன பண்றாரு?" என்று யாரோ கேட்டார்கள். கதவு திறந்தது. குழைந்த பொங்கல் வெளியே சரிந்தது. அதற்குள் கையை விட்டேன். அடியில் தட்டையாக, நீளமாக, விறைப்பாக ஒன்று.

எனக்கு அழுகை வந்தது. கையை வெளியே எடுக்கத் தைரியம் இல்லை. மனைவி வந்தாள். என் கையை மெல்ல விலக்கிவிட்டு, அதைத் தானே எடுத்தாள். பழுப்புக் கவர். முந்தானையால் துடைத்து, ஓரத்தைக் கிழித்து, உள்ளே இருந்த அழைப்புக் கார்டை எடுத்தாள். நெய் பாதி ஊறியிருந்தது. எழுத்து கலையவில்லை, தட்டச்சு எழுத்து. ஓர் ஓரத்தில் மஞ்சள் தண்ணீர், நடுவில் ஒரு முந்திரி. நிதானமாகப் படித்தாள்.

"நாளான்னிக்குங்க. கோயமுத்தூர்ல. காலையில பத்து மணிக்கு" என்றாள். பிறகு என் அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்துத் தன் தாலிக்கயிற்றில் மாட்டிக்கொண்டாள்.

அயர்ன்காரர் விடுமுறையிலும் கரி போட்டு, கார்டின் மேலும் கீழும் பனியன் துணி வைத்து, நெய் இறங்கும் வரை தேய்த்துக் கொடுத்தார். தடம் போகவில்லை, வாசனையும் போகவில்லை. நான் வேறு நகல் கேட்டுப் பார்க்கலாமா, மன்னிப்புக் கடிதம் எழுதட்டுமா, நானே உள்ளே வந்து விளக்கட்டுமா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். பஸ்ஸிலும் அதே பேச்சு. கோயமுத்தூரில் அலுவலக வாசலில் அவள் நின்றாள்.

"நீங்க இங்கயே நில்லுங்க. ஒண்ணையும் தொடாதீங்க."

மூன்று மணி நேரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஒருவர் வந்து வழி கேட்டார். கையை நீட்டாமல் தாடையாலேயே காட்டினேன். அவள் வெளியே வந்தாள். உள்ளே இருந்த அதிகாரி கார்டை முகர்ந்து பார்த்துவிட்டு என்னம்மா இது என்று கேட்டாராம். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாளாம். கல்கத்தா பனியனிலிருந்து தொடங்கி. பிறகு அவர் ஒரு பாடம் நடத்திக் காட்டச் சொன்னாராம். எந்தப் பாடம் என்று கேட்டேன். "வீட்டு விலங்குகளுங்க" என்றாள். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. இன்றுவரை அது நிஜமா, என்னைக் கிண்டல் செய்தாளா என்று எனக்குத் தெரியாது.

வேலை கிடைத்தது. ஜூன் மாதம் ஊத்துக்குளியைத் தாண்டி ஒரு தொடக்கப் பள்ளியில் சேர்ந்தாள். முதல் நாள் பஸ் ஏற்றிவிடக் கூடவே போனேன். கூட்டம் முண்டியடித்தது. வேலை உத்தரவு இருந்த துணிப்பையை நான் பிடித்துக்கொள்கிறேன் என்று கை நீட்டினேன். அவள் அதை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு ஏறிவிட்டாள்.